பெஞ்சுக்கு ஆறு பேர்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். ஒருவர் உட்கார்ந்தாலும் ஆறு பேர். ஆறு பேர் உட்கார்ந்தாலும் ஆறு பேர். கல்யாணத்தன்று எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் அதே ஆறு பேர். அது என்ன?

பஸ் சீட்டு என்று சொன்னவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். விடை, நற்சொல்விளையில் கிறிஸ்தவர்கள் கும்பிடும் வேதக்கோயிலின் பெஞ்சு.

நற்சொல்விளை, செம்மணல் தேரிக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே ஒரே தெருவாகக் கிடக்கிற ஊர். தெருவின் முடிவில் கோயில். ஆண்கள் பக்கம் பன்னிரண்டு, பெண்கள் பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு பெஞ்சுகள். எல்லாப் பெஞ்சும் நிறைந்து வாசலில் பாய் விரித்த காலத்தில் இருந்த பாதிரியார் ஐயர் ஒருவர், தலை தலையாக எண்ணிக்கொண்டிருந்தால் ஆராதனையில் மனம் நிற்காது, ஆள் இருக்கும் பெஞ்சை எண்ணி ஆறால் பெருக்கினால் போதும் என்று சொல்லி, அதற்கு ஒரு படிவமும் அச்சடித்துக் கொடுத்தார். 'பெஞ்சுகள்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் அச்சிலேயே 'பெருக்கல் ஆறு', அதற்குப் பக்கத்தில் 'மொத்தம்' என்று இன்னொரு கட்டம். அந்த ஐயருக்குப் பிறகு பதினொரு ஐயர்கள் வந்து போனார்கள். படிவம் அப்படியே இருந்தது. ஊர்க்காரர்கள் சென்னைக்கு மளிகைக்கடை வைக்கவும் திருப்பூருக்குத் தைக்கவும் வீடு வீடாகக் கிளம்பிப் போனார்கள். அப்போதும் படிவம் அப்படியே இருந்தது.

ஒன்பது ஊர்க் கோயில்களையும் சேர்த்துப் பார்க்கிற சேகர அலுவலகத்திலிருந்து ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. ஞாயிறு வருகை நூற்றிருபதுக்குக் குறைந்தால் கோயிலைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். சபையார் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியவிளைக் கோயிலுக்குப் போய்க்கொள்ள வேண்டும். நற்சொல்விளைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, கூட்டம் போடாமல், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல், அடுத்த ஞாயிறே பெஞ்சுக்கு இரண்டு மூன்று பேராகப் பரந்து உட்கார்ந்தார்கள். பிறகு மூன்று இரண்டாகியது, இரண்டு சில பெஞ்சுகளில் ஒன்றாகியது. அதற்குப் பெயர் பெஞ்சு காப்பது. அக்கா முன் பெஞ்சைக் காத்தாள், தங்கை பின் பெஞ்சைக் காத்தாள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடியவர்கள் எட்டடித் தூரத்தில் ஆளுக்கொன்று வைத்துப் பாடினார்கள். பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சைத் தனியாகக் காத்த லில்லிபாய், யாராவது மறந்துபோய்ப் பக்கத்தில் உட்கார வந்தால், "ஏட்டி, பாத்து. இங்க அஞ்சு பேரு இருக்காவ, மடியில உக்காந்துராத" என்பாள்.

அப்படி ஐம்பத்துமூன்று பேர் இருபத்துநான்கு பெஞ்சுகளைக் காத்தார்கள். இருபத்துநான்கை ஆறால் பெருக்கினால் நூற்று நாற்பத்துநான்கு. திடப்படுத்தல் வாங்கிச் சபையில் முழு அங்கமாகாத ஒரு சின்னப் பிள்ளை எண்ணினால் அதில் பொய் இருக்காது என்பது அந்தச் சபையின் பழக்கம். அதனால், ஐயருக்குப் பதிலாக ஞாயிறு ஆராதனை நடத்தும் உபதேசியார் வேதமுத்துவின் மகள் எப்சிபா, பதினொரு வயதுக்காரி, ஞாயிறுதோறும் பெஞ்சை எண்ணி, பீடத்துக்குப் பக்கத்திலிருந்த பலகையில் ஒன்று, நான்கு, நான்கு என்று எண் எழுதிய மூன்று மரச்சில்லுகளை மாட்டுவாள். நான்கு வருடமாக அதே மூன்று சில்லுகள். மற்ற சில்லுகள் பெட்டியில் புத்தம்புதிதாக இருந்தன.

ஆடிக் காற்று மணலை வாரிச் சன்னல்களில் எறிந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு அவள் வழக்கம்போல எண்ணினாள், வழக்கம்போல மாட்டினாள். வேதமுத்து ஆசீர்வாதம் கூறி முடித்தார், எல்லாரும் ஆமென் சொன்னார்கள், சபைச் செயலாளர் கனகசிங் வழக்கம்போல முதல் ஆளாக ஆண்கள் வாசலைத் தாண்டிப் போய், பெண்கள் வாசல் வழியாகக் கோயிலுக்குள் வந்தார். எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம் போல என்று நினைத்துக் கண்ணாடிக்கூட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். அவருக்குப் பின்னால் போனவர்களும் வந்தார்கள். பெண்கள் வாசலில் போனவர்கள் ஆண்கள் வாசலில் வந்தார்கள். ஐயர் அங்கி மாற்றும் அறையின் சின்னக் கதவில் போனவர்கள், அதே கதவில், போன முகத்தோடே வந்தார்கள். கழற்றிப் போட்ட செருப்புகள் வாசலுக்கு வெளியே வரிசையாகத் தெரிந்தன. ஒருவராலும் அவற்றில் கால் நுழைக்க முடியவில்லை.

"நூத்தி நாப்பத்தி நாலு பேரு உள்ள இருக்கதா எழுதியாச்சு. அம்பத்திமூணு பேரா வெளிய போனா கோயிலு எப்படி விடும்? மிச்ச ஆளு எங்கன்னு கேக்குது" என்றாள் லில்லிபாய்.

யாரும் அதை மறுக்கவில்லை. கனகசிங் மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் அயிரைமீன் குழம்பு இருக்கிறது, அது வீணாகிவிடும் என்றார்.

அது வீணாகவில்லை. சாயங்காலம் எப்சிபாவின் அம்மா சுகிர்தா அந்தக் குழம்பையும், வேறு ஏழெட்டு வீட்டு அடுப்பில் இருந்ததையும் தூக்குவாளிகளில் ஊற்றிக்கொண்டு வந்து சன்னல் கம்பி வழியாகக் கொடுத்தாள். சுகிர்தா கோயிலுக்குள் வந்து மூன்று வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசியில், ஒரு ஞாயிறு காலையில், ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பிரசவமாகி, குழந்தை அழாமலே போய்விட்டது. தொடர்ந்து ஐந்து ஞாயிறு அவள் பாயிலேயே கிடந்தாள். யாரும் வந்து பார்க்கவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று புருஷனுடைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ஐந்து ஞாயிறுக்கும் நூற்று நாற்பத்துநான்கு என்று இருந்தது.

"அன்னைக்கு நானும் கோயில்ல இருந்திருக்கேனா?" என்று கேட்டாள்.

"உன் பெஞ்சு நிறைஞ்சுதான் இருந்தது" என்றார் வேதமுத்து.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. எல்லாருக்கும் அது தெரியும். எண்ணிக்கை குறையாததால் யாரும் போய்க் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது கோயிலுக்குள் ஒரு ஊர் ஏற்பட்டிருந்தது. பொருள்கள் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தன. ஆட்களால் உள்ளே வரமட்டும் முடிந்தது. அவரவர் காத்த பெஞ்சு அவரவர் வீடானது. பெஞ்சுக்குக் கீழே துணிமூட்டை, பெஞ்சின் முதுகில் துவைத்த சேலை. புருஷன் ஆண்கள் பக்கமும் பெண்டாட்டி பெண்கள் பக்கமும் இருந்து நடுப்பாதையைத் தாண்டிச் சண்டை போட்டார்கள். ஐயருக்கென்று கட்டியிருந்த ஒற்றைக் கழிப்பறைக்கு வயதுவாரியாக வரிசை வைத்தார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை எந்திரத்தைச் சன்னல் கம்பிக்குள் நீட்ட, உள்ளிருந்தவர்கள் ஒவ்வொருவராக விரலை வைத்துவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுப்பாடம் சன்னல் வழியாக வந்து சன்னல் வழியாகப் போனது. காலையில் ஜெபம், மாலையில் ஜெபம்; இரண்டுக்கும் ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எப்சிபா அப்பாவிடம், "நான் வேணா பலகைய மாத்தட்டா? அம்பத்திமூணுன்னு வச்சுருதேன்" என்றாள்.

வேதமுத்து பதில் சொல்லும் முன் கனகசிங் எழுந்துவிட்டார். "வச்சா கதவு விடும் மக்கா, எனக்கும் தெரியுது. இன்னைக்கு வெளிய போவோம். அடுத்த ஞாயிறு உள்ள வர முடியாது. பூட்டிச் சாவிய வாங்கிருவாவ. உங்க அப்பா வேலையும் போயிரும், நீங்க இருக்க கோயில் வீடும் போயிரும். என்ன செய்யலாம்னு எல்லாரும் கையத் தூக்கிச் சொல்லுங்க."

பலகையைத் தொட வேண்டாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். அன்று கைகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

ஆக, தொண்ணூற்றொரு பேர் குறைவு. அந்தத் தொண்ணூற்றொரு பேரை உள்ளே வரவைப்பது என்று முடிவானது. முதலில் சென்னைக்கும் திருப்பூருக்கும் போன் போட்டார்கள். அப்பா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார்கள். அசனம் வைத்திருக்கிறோம், ஆட்டுக்கறி விருந்து என்றார்கள். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் வாசலைத் தாண்டினார்கள், கட்டிப்பிடித்து முத்தம் வாங்கிக்கொண்டார்கள், திரும்பிப் போகப் பார்த்து இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். இரண்டு நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் அவர்களும் போனை எடுத்து, பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டார்கள்.

பத்தாம் நாள் சேகரத்து ஐயர் ஜீப்பில் வந்தார். வாசற்படிக்கு நான்கடி தள்ளி நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கய்யா, இருந்து ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்" என்றார் கனகசிங், தேனொழுக.

"வரலாம். ஆனா எனக்கு இன்னும் எட்டுக் கோயில் இருக்கு பாருங்க" என்றார் ஐயர். பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, காலை ஜெபத்துக்கு எத்தனை பேர், மாலை ஜெபத்துக்கு எத்தனை பேர் என்று விசாரித்தார். இருபத்துநான்கு பெஞ்சும் நாள் தவறாமல் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பத்து நாளா, ரெண்டு வேளையும், ஒரு ஆள் குறையாம. இந்த மாதிரி ஒழுங்கு வேற எந்தச் சபையிலயும் கிடையாது. வருஷாந்தரக் கூட்டத்துல உங்களுக்குத்தான் கேடயம். பெரியவிளைக்காரங்க கேட்டாங்க, எப்படிச் செய்றீங்கன்னு."

"வரச் சொல்லுங்கய்யா. உள்ள வந்து பாக்கட்டும்" என்றாள் லில்லிபாய்.

ஐயர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பெரியவிளையிலிருந்து எண்ணிக்கைக் கலையைப் படிக்க இரண்டு சபை மூப்பர்கள் வந்தார்கள். எண்பத்தாறு ஆனது.

பிளாஸ்டிக் வாளி விற்கிற சுடலைமுத்து சைக்கிளோடு தெருவில் போனபோது கனகசிங் சன்னலில் நின்று, "அண்ணாச்சி, இந்தச் சிகப்பு வாளி எவ்வளவு? உள்ள கொண்டாரும், பொம்பளையாளுக பாக்கணும்ங்காவ" என்றார். சுடலைமுத்து செருப்பை மரியாதையாகக் கழற்றிவிட்டு நாலு வாளிகளோடு வந்தார். நாலும் விற்றது. எண்பத்தேழு.

எண்பத்தெட்டாவது ஆள் எப்சிபா கூப்பிட்டு வந்தவள். கோயிலுக்குள் பாட்டுப் புத்தக அலமாரிக்குக் கீழே பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பக்கத்து ஊர்ப் பவித்ரா வீட்டுப்பாட நோட்டைச் சன்னலில் கொடுக்க வந்தபோது, "ஒண்ணு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் கறுப்பு. வந்து பாக்கியா?" என்று எப்சிபா கேட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. குட்டி வெள்ளைதான், மூக்கு கறுப்புதான். பவித்ரா ஓடிவந்து பார்த்தாள், மடியில் வைத்துக் கொஞ்சினாள், வீட்டுக்குப் போக எழுந்தாள். கனகசிங் எப்சிபாவின் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். அன்று சாயங்காலம் பிள்ளையைத் தேடிப் பவித்ராவின் அம்மா வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே பார்த்தாள், யார் சொல்வதையும் கேட்காமல் படியேறி வந்தாள். எண்பத்தொன்பது.

அதற்குப் பிறகு எப்சிபா பூனைக்குட்டிகளிடம் போகவில்லை. பவித்ரா அவளோடு பேசவுமில்லை. பவித்ராவின் அம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காக்கப் பெஞ்சு எதுவும் கிடையாது.

இப்படியே நாட்கள் போயின. மீட்டர் பார்க்க வந்தவர், மீட்டர் பார்க்க வந்தவரைத் தேடி வந்தவர், தொலைந்த ஆட்டைத் தேடி வந்தவர், அந்த ஆடு. ஆட்டைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அரைநாள் விவாதம் நடந்து, வேண்டாம் என்று முடிவானது. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வழி தவறி வந்த வேனை நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். டிரைவரோடு இருபத்தொரு பேர். மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பூலத் தட்டை மடியில் வைத்தபடி மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது பெஞ்சுகள் நிறைந்தன. பெஞ்சுக்கு ஆறு பேர் என்பது எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்கே மறந்துபோயிருந்தது. தோள்கள் இடித்தன, மூச்சு முட்டியது, ஒருவர் திரும்பிப் படுத்தால் ஐந்து பேர் விழித்தார்கள். வாசலில் யாராவது நிழலாடினால் நூறு முகங்களும் ஒன்றாகத் திரும்பின. யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டார்கள்.

முப்பத்திரண்டாம் நாள் நூற்று நாற்பத்துமூன்று ஆனது.

வெளியே ஊரில் ஒரே ஆள் மிச்சம். சுகிர்தா எல்லா வீட்டு மாட்டையும் கறந்தாள், எல்லா வீட்டுக் கோழிக்கும் தீனி போட்டாள், அரிசியும் விறகும் மாத்திரையும் சன்னலில் கொண்டுவந்து கொடுத்தாள். சுற்றுவட்டார ஊர்களில் செய்தி பரவிவிட்டதால் வேறு யாரும் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

"ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளு" என்றார் கனகசிங். முப்பத்திரண்டு நாளில் அவருக்குத் தாடி வளர்ந்து, சத்தம் தேய்ந்திருந்தது. "உபதேசியாரே, உம்ம வீட்டம்மாவக் கூப்பிடும்."

"நான் கூப்பிட்டா வரமாட்டா" என்றார் வேதமுத்து தரையைப் பார்த்தபடி.

"மக கூப்பிட்டா வருவால்லா?"

லில்லிபாய் குறுக்கே வந்தாள். "எதுக்குக் கூப்பிடணும்? நூத்தி நாப்பத்தி மூணு பேரு கண்ணுக்கு முன்ன இருக்கோம். ஒரு சில்ல மாத்தி மூணுன்னு வச்சா முடிஞ்சுது. நூத்தி இருபதுக்கு மேலதான இருக்கு?"

"ஆறால வகுத்துப் பாருங்க மைனி. அஞ்சு மிச்சம் வரும். படிவத்துல அத எழுதக் கட்டமே கிடையாது. ஆள எண்ணியிருக்காவன்னு ஐயருக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அடுத்த ஞாயிறு அவரே எண்ண வருவாரு. அன்னைக்கு வாளிக்காரரு இருப்பாரா, வேன்காரங்க இருப்பாங்களா? அம்பத்திமூணு. அதோட பூட்டு."

"அவ உள்ள வந்தா விட்டுருமோ? உறுதியாத் தெரியுமா?"

"நூத்தி நாப்பத்தி நாலு ஆயிரும்லா."

"விடலன்னா நாளைக்கு அரிசி யாரு கொண்டாருவா?"

கனகசிங் எப்சிபாவை மெதுவாக வாசற்பக்கம் தள்ளினார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் கால்களை ஒடுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். மத்தியான வெயில் வாசற்படி வரை வந்து நின்றது. படிக்கு அந்தப் பக்கம் சுகிர்தா பால்கேனை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, காத்தாடப் பேச விட்டுருக்காவளா?"

"அம்மா, நூத்தி நாப்பத்திமூணு ஆயிட்டு."

"கேட்டுது. உள்ள பேசுதது எல்லாந்தான் வெளிய கேக்கே." சுகிர்தா மகளைக் கால்முதல் தலைவரை பார்த்தாள். "மெலிஞ்சிட்ட. உங்க அப்பா என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"அவிய எப்பவும் அப்படித்தான்." அவள் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். மணல் மூடி அவற்றின் வார்கள் மட்டும் தெரிந்தன. "என் பேரச் சொல்லி இவிய ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டது கிடையாது. இன்னைக்கு நான் வேணும், என்னா? சரி. அவிய கூப்பிட்டு நான் வரமாட்டேன். நீ கூப்பிடு. உனக்கு நான் பக்கத்துல வேணும்னா, கூப்பிடு, வாரேன். அது விட்டாலும் சரி, விடாட்டாலும் சரி, உன் பக்கத்துல இருப்பேன்."

எப்சிபாவுக்கு அம்மா வேண்டும். முப்பத்திரண்டு நாளாக ஒவ்வொரு சாயங்காலமும் சன்னல் கம்பிக்குள் கை விட்டு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்; அம்மா விரலை விடுவித்துக்கொண்டு போனபிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது ஒரு வார்த்தை போதும். அவளுக்குப் பின்னால் நூற்று நாற்பத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். கனகசிங்கின் கை அவள் தோளில் இருந்தது.

"கூப்பிடு மக்கா" என்றார் அவர். "வீட்ட நெனச்சுக்கோ. உங்க அப்பாவ நெனச்சுக்கோ."

எப்சிபா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வேதமுத்து பீடத்தின் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். தூண் ஓரத்தில் பவித்ராவின் அம்மா இருந்தாள். பிள்ளையைக் கட்டிப்பிடித்தபடி, வாசலையோ பலகையையோ பார்க்காமல், எப்சிபாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ அங்கேயே இரு" என்றாள் எப்சிபா.

தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு நடுப்பாதையில் நடந்து போனாள். சில்லுப் பெட்டியைத் திறந்தாள். பலகையிலிருந்து கடைசி நான்கைக் கழற்றிவிட்டு, மூன்றை மாட்டினாள்.